பழைய ஸ்பிளெண்டரின் பின் பிரேக்: வீட்டிலேயே பார்த்துச் சரிசெய்ய

"பின்னாடி பிரேக் நிக்கல" என்று சொல்லி வண்டியைப் பட்டறையில் விட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஷூ மாத்திடலாம்." மாற்றித் தருவார்கள், இரண்டு வாரம் நன்றாக இருக்கும், மறுபடி பழைய கதை. ஷூ தேய்வது உண்மைதான். ஆனால் பழைய வண்டியில் ஷூவை விட அடிக்கடி தகராறு செய்வது காய்ந்துபோன கேம், தப்பான இடத்தில் நிற்கும் லிவர், செயினை இறுக்கியபின் யாரும் தொடாமல் விட்ட பிரேக் ராடு ஆகியவைதான். இவற்றைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடமும் கொஞ்சம் நிதானமும் போதும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியது.

எடுத்துக்காட்டுக்கு ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரை வைத்துக்கொள்கிறேன். 1994-ல் வந்த வண்டி. அதற்கு முன் 1985-ல் வந்த சிடி 100-க்கும் பின் பிரேக் இதே மாதிரிதான். பெடல், ஒரு நீளக் கம்பி (பிரேக் ராடு இதுதான்), டிரம், இரண்டு ஷூ. ஆயில் கிடையாது, பம்ப் கிடையாது. கம்பியால் இயங்கும் டிரம் பிரேக் உள்ள மற்ற பழைய பைக்குகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு மட்டும் அப்படியே பொருந்தாது. அவற்றில் பின் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும்படி இணைப்பு இருக்கும். அதை அட்ஜஸ்ட் செய்யும் முறை வேறு, கம்பெனிக் கையேட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

பெடலை மிதித்தால் கம்பி முன்னால் இழுபடும். கம்பியின் பின்முனையில் இருக்கும் லிவர் திரும்பும். லிவரோடு சேர்ந்த கேம், டிரம்முக்குள் இரண்டு ஷூக்களின் ஒரு முனைக்கு நடுவே தட்டையாகப் படுத்திருக்கும். அது திரும்பும்போது ஷூக்கள் விரிந்து டிரம்மின் உள்சுவரில் உரசும். காலை எடுத்தால் இரண்டு ஸ்பிரிங்குகள் ஷூக்களை மறுபடி உள்ளே இழுக்கும். அவ்வளவுதான்.

இதில் இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சக்கரம் சுற்றும் திசையே ஒரு ஷூவை டிரம்மோடு மேலும் அழுத்தும்; மற்றதைத் தள்ளிவிடும். அதனால் இரண்டு ஷூவும் ஒரே அளவில் தேயாது. ஒன்று கூடுதலாகத் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு, லிவரும் கம்பியும் பிரேக் பிடிக்கும் நேரத்தில் ஏறக்குறைய செங்கோணத்தில் நின்றால்தான் காலின் பலம் முழுதாகப் போய்ச் சேரும். லிவர் அந்தக் கோணத்தைத் தாண்டி முன்னால் சாய்ந்துவிட்டால், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் பலம் வீண்தான்.

பிரிப்பதற்கு முன்

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். செயின் சத்தம் தவிர வேறு சத்தமில்லாமல் சில சுற்று போக வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் 'சர்... சர்...' என்று உரசினால் டிரம் கோணியிருக்கலாம், அல்லது துரு, தூசு உட்கார்ந்திருக்கலாம். எப்போதும் இறுக்கமாக இருந்தால் பிரேக் முழுதாக விடவில்லை. நான்கைந்து கிலோமீட்டர் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு, சக்கரத்தின் நடு ஹப்பை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பார்த்தாலும் இது தெரிந்துவிடும். கொதித்தால் உள்ளே ஏதோ பிடித்துக்கொண்டே வருகிறது. மைலேஜ் குறைகிறது என்று கார்புரேட்டரைக் குடைபவர்கள் முதலில் இந்த ஹப்பைத் தொட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, பெடலைக் கையால் அழுத்திப் பட்டென்று விடுங்கள். பெடலும் லிவரும் உடனே துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பலாக, மெதுவாகத் திரும்பினால் எங்கேயோ காய்ந்திருக்கிறது. பெடலின் அச்சிலா, கேமிலா? கண்டுபிடிக்க வழி எளிது. கம்பியின் பின்முனையில் உள்ள அட்ஜஸ்ட் நட்டைக் கழற்றிக் கம்பியை விடுவியுங்கள். இப்போது பெடலைத் தனியாக ஆட்டிப் பாருங்கள், லிவரைத் தனியாகத் திருப்பிப் பாருங்கள். எது முரண்டு பிடிக்கிறதோ அதுதான் குற்றவாளி. பெடல் அச்சு என்றால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அச்சைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் முடிந்தது. (நட்டைக் கழற்றும்போது கம்பியில் உள்ள ஸ்பிரிங்கும் லிவரில் உள்ள உருளைப் பின்னும் நழுவி விழும். கம்பியை விடுவித்தவுடன் ஸ்பிரிங்கைக் கம்பியிலேயே விட்டு நட்டைத் திரும்ப மாட்டி வைத்தால் தேட வேண்டியதில்லை.)

கம்பியை மாட்டியபின் லிவரின் அடியில் பாருங்கள். ஒரு சிறு தகட்டில் அம்பு முனை இருக்கும். அதன் அருகில் பிரேக் பேனலில் (டிரம்மின் வாயை மூடி, ஷூக்களைத் தாங்கும் தட்டு) ஒரு முக்கோணக் குறி வார்த்திருக்கும். பெடலை முழுதாக அழுத்திய நிலையில் அம்பு அந்த முக்கோணத்தைத் தொட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது என்று பொருள். இன்னும் தூரம் இருந்தால் லைனிங், அதாவது ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டை, மிச்சமிருக்கிறது. கோளாறை வேறிடத்தில் தேடுங்கள். பல வருடம் வண்டி ஓட்டியவர்கள் பலர் இந்தக் குறியை ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

அதே இடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஷூ தேய்ந்து அட்ஜஸ்ட் நட்டுக்கு மரை தீர்ந்துபோனால், சிலர் லிவரைக் கழற்றி கேமின் பற்களில் ஒரு பல் தள்ளிப் போட்டுவிடுவார்கள். பெடல் உடனே கெட்டியாகும், வண்டிக்காரருக்கும் திருப்தி. ஆனால் லைனிங் தேய்ந்தது தேய்ந்ததுதான். கேம் இப்போது அளவுக்கு மீறித் திரும்ப வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் அது குறுக்காக நின்று, ஷூவைத் திரும்ப விடாமல் சக்கரத்தைப் பூட்டிவிடும். லிவரின் மேலும் கேம் முனையிலும் சிறு புள்ளிக் குத்துகள் இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று பாருங்கள். விலகியிருந்தால் யாரோ இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். ஷூ மாற்றும்போது சரியான பல்லுக்குக் கொண்டுவாருங்கள். அம்புத் தகடு கேமில் ஒரே நிலையில்தான் உட்காரும், அதனால் லிவரை நகர்த்தினாலும் அது உண்மையைத்தான் காட்டும்.

அட்ஜஸ்ட் மட்டும் போதும் என்றால்

பெடலின் நுனி 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை சும்மா இறங்கி, அதன்பிறகு பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும். ஸ்கேலை வைத்தே அளக்கலாம். அதிகமாக இறங்கினால் அட்ஜஸ்ட் நட்டை வலச்சுற்றாகத் திருப்புங்கள். நட்டின் முகத்தில் அரைவட்டக் குழிவு இருக்கும். அது லிவரில் உள்ள உருளைப் பின்னில் சரியாக உட்கார வேண்டும், அரைச் சுற்றுக்கு ஒருமுறை 'கிளிக்' என்று உட்காரும். பாதியில் நிறுத்தினால், முதல் தடவை பிரேக் மிதிக்கும்போதே அது தானாக நகர்ந்து உங்கள் அளவு மாறிவிடும்.

வேலை முடிந்ததும் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். உரசக் கூடாது. "கெட்டியா இருக்கட்டும்" என்று இறுக்கி வைப்பது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. அது பிரேக்கை வலுவாக்காது. டிரம்மைச் சூடாக்கி, லைனிங்கின் மேல்பகுதியைக் கண்ணாடிபோல் வழுவழுப்பாக்கி, பிடிமானத்தைக் குறைத்துவிடும்.

செயினை இறுக்கியபின் பின் பிரேக்கைக் கட்டாயம் பாருங்கள். சக்கரம் பின்னால் நகரும்போது லிவரும் கூடவே நகரும், கம்பி நீளம் மாறாது. ஆகவே பெடலின் சும்மா இறக்கம் குறைந்து, பிரேக் தானாகவே இறுகும். செயின் போட்ட மறுநாள் "வண்டி இழுக்கல" என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

அட்ஜஸ்ட் செய்தபின் பிரேக் விளக்கும் சரிபார்க்கப்பட வேண்டும். பெடலைத் தொடாமலே எரிந்தாலோ, பிரேக் நன்றாகப் பிடித்தபின் எரிந்தாலோ, பெடலுக்கு அருகில் ஸ்பிரிங்கில் மாட்டியிருக்கும் ஸ்விட்சின் நட்டைத் திருப்புங்கள். ஸ்விட்சின் உடம்பைத் திருப்பினால் உள்ளே ஒயர் முறுக்கி அறுந்துவிடும்.

சக்கரத்தைக் கழற்றுவது

கேம் காய்ந்திருக்கிறது, அல்லது அம்பு முக்கோணத்தைத் தொட்டுவிட்டது என்றால் பிரித்தே ஆக வேண்டும். சைலன்சர் ஆறட்டும். முன் சக்கரத்துக்கு இருபுறமும் செங்கல் வையுங்கள்; பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டையால் முன் பிரேக் லிவரை ஹேண்டில்பாரோடு கட்டிவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் ஓர் அங்குலக் கனமுள்ள அகலமான பலகை வைத்தால் சக்கரம் மட்கார்டை விட்டு எளிதாக வெளிவரும். பலகை ஆடுகிறதா என்று ஒருமுறை வண்டியைத் தள்ளிப் பாருங்கள்.

ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர்தான் வேண்டும். ஓபன் ஸ்பேனரால் ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) நட்டைத் திருகினால் முனை மழுங்கிவிடும். கேம் லிவரின் போல்ட்டுக்கு 10-ஆம் நம்பர். இவற்றோடு கட்டிங் பிளேயர், உப்புத்தாள், கிரீஸ், பழைய துணி, மாஸ்க். ஸ்பிலிட் பின்கள் (நட் கழலாமல் இருக்கத் துளையில் செருகி, கால்களை விரித்து மடக்கும் சிறு கம்பிகள்) புதிதாக இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழையதை நிமிர்த்தி மறுபடி போடக் கூடாது.

தொடங்கும் முன் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துவிடுங்கள். காலர், வாஷர் எந்தப் பக்கம், எந்த வரிசையில் என்பது பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

முதலில் பிரேக் கம்பியைக் கழற்றுங்கள். பிறகு பிரேக் பேனலையும் வண்டியின் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் பட்டையின் போல்ட்டைக் கழற்றுங்கள். அதில் ஸ்பிலிட் பின் இருக்கும். இதை டார்க் லிங்க் என்பார்கள். அடுத்து ஆக்சில் நட். நட்டை எடுத்தபின் ஆக்சிலை மரத்துண்டு வைத்துத் தட்டி வெளியே உருவுங்கள். சுத்தியலால் நேரே அடித்தால் மரை கெட்டுவிடும். காலர் கீழே விழும், எடுத்து வையுங்கள். பிரேக் பேனலை வெளியே இழுத்து, சக்கரத்தை வலப்பக்கம் நகர்த்தினால் ஸ்பாக்கெட்டிலிருந்து பிரிந்துவரும்.

செயினைக் கழற்ற வேண்டியதில்லை. ஸ்பாக்கெட் தனியாக ஒரு பெரிய நட்டால் ஸ்விங் ஆர்மிலேயே நின்றுகொண்டிருக்கும். புதிதாகச் செய்பவர்கள் அந்தப் பெரிய நட்டையும் சேர்த்துக் கழற்றிவிட்டு, செயின், ஸ்பாக்கெட் எல்லாம் கையில் வந்து திண்டாடுவது உண்டு. அதைத் தொடாதீர்கள். ஸ்பாக்கெட் பக்கம் ஹப்பில் இருக்கும் கப்ளிங் ரப்பர்கள் வெடித்திருக்கின்றனவா என்று மட்டும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனலும் ஷூவும்

மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பழைய லைனிங்கின் தூளில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலுக்கு நல்லதல்ல. ஏர் பிடித்து ஊதுவதும் வாயால் ஊதுவதும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலையைச் செய்யாமலிருப்பது நல்லது.

இரண்டு ஷூவையும் வெளிவிளிம்பில் பிடித்துத் தூக்கி, புத்தகத்தை மூடுவதுபோல் உள்பக்கம் மடக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம், ஸ்பிரிங் தெறித்துக் கண்ணில் படும்.

லைனிங் எந்த இடத்திலாவது 2 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் ஷூவை மாற்றுங்கள். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். தடிமன் இருந்து, மேல்பகுதி மட்டும் பளபளவென்று இருந்தால், கரடுமுரடான உப்புத்தாளைச் சமமான தரையில் வைத்து, லைனிங்கை அதில் லேசாக உருட்டித் தேய்த்தால் போதும். கிரீஸோ ஆயிலோ ஊறியிருந்தால் கதை வேறு. பெட்ரோலில் கழுவுவது, தீயில் காட்டி எண்ணெயை எரிப்பது என்றெல்லாம் சொல்வார்கள். இரண்டும் ஆபத்து; ஊறிய எண்ணெயும் முழுதாக வெளியேறாது, சூடேறும்போது மறுபடி மேலே வரும். அந்த ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிரீஸ் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் சக்கர பேரிங்கிலிருந்துதான் வந்திருக்கும். பேரிங்கின் உள்வளையத்தில் விரல் நுழைத்துச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றிருந்தால், அல்லது ஆடினால், பேரிங் மாற்றுவதை மட்டும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

டிரம்மின் உள்சுவரை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளமில்லை என்றால் உப்புத்தாளால் குறுக்கு வாட்டில் லேசாகத் தேய்த்துத் துடைத்தால் போதும். பழைய ஸ்பிளெண்டரின் பின் டிரம் 110 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்டது, 111-ஐத் தாண்டக் கூடாது. வெர்னியர் இருந்தால் இரண்டு மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். திசைக்குத் திசை அளவு மாறினால் டிரம் ஓவல் ஆகியிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது பெடல் காலுக்கு அடியில் துடித்திருக்குமே, அது இதனால்தான். எல்லைக்குள் இருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம். சக்கரத்துக்குப் பெண்டு எடுத்தபின் கடைவது நல்லது. எல்லை தாண்டியிருந்தால் ஹப் மாற்ற வேண்டும். சென்னைக்காரர்கள் பழைய ஹப்பைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடிக்கலாம், ஆனால் வெர்னியரோடு போங்கள். ஷூ மட்டும் எங்கேயும் பழையது வாங்காதீர்கள். தெரிந்த கடையில் பில்லோடு புதிது வாங்குங்கள். சில நூறு ரூபாய் வேலைக்குப் போலிச் சரக்கு வாங்குவதில் மிச்சம் ஒன்றும் இல்லை.

இனி கேம். பெரும்பாலான பழைய வண்டிகளில் உண்மையான வேலை இங்கேதான். லிவரின் 10-ஆம் நம்பர் போல்ட்டை முழுதாகக் கழற்றி (தளர்த்தினால் மட்டும் போதாது, போல்ட் கேமின் பள்ளத்தில் மாட்டியிருக்கும்) லிவரை எடுங்கள். அம்புத் தகட்டையும் அதனடியில் உள்ள வளையத்தையும் எடுத்துவிட்டு, கேமை உள்பக்கமாகத் தள்ளி வெளியே எடுங்கள். துருவும் கெட்டியான பழைய கிரீஸும் கரிய பசைபோல் ஒட்டியிருக்கும். உப்புத்தாளால் தண்டைப் பளிச்சென்று தேய்த்து, பேனலின் துளையையும் சுருட்டிய உப்புத்தாளால் சுத்தம் செய்யுங்கள். கேம் துளைக்குள் வெறுங்கையால் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடினால் துளை தேய்ந்துவிட்டது, பேனலையே மாற்ற வேண்டும்.

சூடு தாங்கும் கிரீஸைத் தண்டில் மெல்லிய படலமாகப் பூசுங்கள். ஷூக்கள் தொடும் கேமின் இரு முகங்களிலும், எதிர்ப்புறம் ஷூக்கள் தங்கும் முளையிலும் ஒரு தடவல் போதும். அதிகம் வைத்தால் சூட்டில் உருகி லைனிங்குக்கு ஓடும். கையை நன்றாகத் துடைத்தபிறகே புது ஷூவைத் தொடுங்கள்.

ஸ்பிரிங் நீண்டிருந்தால், சுருள்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். புது ஷூவின் இரு முனைகளிலும் லைனிங்கின் கூர்விளிம்பை அரத்தால் லேசாகச் சரித்துவிட்டால் 'கீச்' சத்தம் குறையும்.

திரும்பப் பூட்டுவது

கழற்றிய வரிசைக்கு நேர் எதிராகத்தான். லிவரை மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி நேராக இருக்கட்டும். சக்கரத்தை ஸ்பாக்கெட்டின் கப்ளிங்கில் நுழைத்து, பேனல், காலர் வைத்து, ஆக்சிலைச் செருகி, நட்டை விரலால் மட்டும் இறுக்குங்கள்.

இப்போது டார்க் லிங்க். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது என்றால் அது இந்தப் பட்டைதான். பிரேக் பிடிக்கும்போது ஷூக்கள் பேனலையும் சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது இது ஒன்றுதான். போல்ட் போட மறந்தாலோ, போட்டு இறுக்காமல் விட்டாலோ, முதல் பலமான பிரேக்கில் பேனல் சுழன்று, கம்பி வளைந்து, சக்கரம் அப்படியே நின்றுவிடலாம். போல்ட்டை இறுக்கி, புது ஸ்பிலிட் பின் செருகி, இரு கால்களையும் விரித்து மடக்குங்கள்.

செயினை இரண்டு பக்கக் குறிகளும் சமமாக இருக்கும்படி வையுங்கள். நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும். பிறகு பிரேக் கம்பியை லிவரில் மாட்டி, ஒருவரைப் பெடலை நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லி, அந்த நிலையிலேயே ஆக்சில் நட்டை முழுதாக இறுக்குங்கள். பிரேக் பிடித்த நிலையில் பேனல் டிரம்முக்கு நடுவாக வந்து நிற்கும், ஷூக்கள் இரண்டும் சமமாகத் தொடும். புது ஷூ போட்டும் ஒரு பக்கம் மட்டும் உரசுகிறது என்பவர்கள் இந்த ஒரு படியைத் தாண்டிப் போயிருப்பார்கள். கடைசியாக அட்ஜஸ்ட் நட், பெடல் இறக்கம், பிரேக் விளக்கு.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் எஞ்சினைப் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே பெடலை அழுத்திப் பாருங்கள். பிறகு ஆள் நடமாட்டமில்லாத தெருவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். புது ஷூ முதல் நாளிலேயே நச்சென்று நிற்காது. லைனிங் டிரம்மின் வளைவுக்கு முழுதாகப் பொருந்தும் வரை அங்கங்கே மட்டும்தான் தொடும். முதல் நூறு கிலோமீட்டருக்கு முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள், இடைவெளி விட்டு ஓட்டுங்கள். முன் பிரேக்கே தொடாமல் எல்லாவற்றுக்கும் பின் பெடலை மட்டும் மிதிப்பவர்களின் ஷூ சீக்கிரம் தேய்வதில் வியப்பில்லை. நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால், பின் சக்கரத்துக்குப் பிடிமானமே குறைவு.

ஐப்பசி மழையில் தேங்கிய நீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் போய், பிரேக் சிறிது நேரம் வழுக்கும். மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக அழுத்தி விட்டு விட்டுப் பிடித்தால் சூட்டில் காய்ந்துவிடும். மழையில் நனைந்து இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் முதல் பிரேக்கில் வெடுக்கென்று பிடிப்பது டிரம்மில் படிந்த மெல்லிய துருவால்தான். இரண்டு மூன்று தடவை பிடித்ததும் போய்விட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். போகவில்லை என்றால் பேனலைக் கழற்றித் துடைக்க வேண்டும்.

ஒரு வாரம் ஓடியபின் பெடல் இறக்கம் கூடியிருக்கும். ஷூ படிந்து உட்கார்ந்ததன் அறிகுறி அது. நட்டை ஒரு கிளிக் இறுக்குங்கள். அப்படியே ஆக்சில் நட்டிலும் டார்க் லிங்க் போல்ட்டிலும் ஸ்பேனரை ஒருமுறை வைத்துப் பாருங்கள்.